ஓரங்குலச் சேனை

பொம்மை என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு மதிப்பு உண்டு. கொலுப்படியில் அமர்ந்திருந்தால் அது வணக்கத்துக்குரியது. படியை விட்டு இறங்கி மேசைமேல் வந்துவிட்டால் அது குழந்தைகளின் சொத்து. மீசை முளைத்த இளைஞரோ, ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்துகொண்ட பெண்ணோ அதைக் கையில் எடுத்தால், "பொழுது போகவில்லையா?" என்று கேட்க ஆள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

செய்தி இதுதான். நம் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேர், பண்டைய ரோமானியப் படை ஒன்றை ஏறத்தாழ ஓர் அங்குல உயரச் சிற்றுருவங்களாக வண்ணந்தீட்டி, பீடங்களில் நிறுத்தி, மேசைமேல் போர் விளையாட்டு ஆடி வருகிறோம். சங்கத்தின் படிப்பறையில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு மேசையும், பூட்டுள்ள அலமாரியில் ஒரு தட்டும் வேண்டுமென்று செயற்குழுவைக் கேட்டிருக்கிறோம். அடுத்த பொதுக்குழு இதை முடிவு செய்யும். அதற்குள் மூன்று மறுப்புகள் எழுந்துவிட்டன. ஒன்று, இது சிறுபிள்ளை விளையாட்டு. இரண்டு, இது பணமுள்ளவர் பொழுதுபோக்கு. மூன்று, இது பேரரசு வழிபாடு. அந்நியர் ஆட்சியில் இருந்து மீண்ட நாட்டின் மாணவர், அதிலும் தமிழ்ச் சங்கத்தில் கூடியவர், செய்யத் தகாதது. முதலிரண்டும் எளியவை. மூன்றாவது கனமானது. அதைச் சொன்ன நண்பரை நான் மதிக்கிறேன். ஆகவே அவருக்குத்தான் அதிக இடம் ஒதுக்கப் போகிறேன்.

சிறுபிள்ளை விளையாட்டு என்பாருக்கு முதலில் சில சொல்வேன். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையையும் ஒரு பலகையில் நிறுத்தி ஆடிய சதுரங்கம் பிறந்த நாடு இது. அதை யாரும் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்வதில்லை. பிரஷ்ய நாட்டுப் படைத்துறையைச் சார்ந்த ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி, தந்தை தொடங்கிய போர் விளையாட்டைத் திருத்தி 1824-இல் வெளியிட்டார். பிரஷ்யப் படை அதைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. கதையாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'சிறு போர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதி, ஈயச் சிப்பாய்களைக் கொண்டு வீட்டுக்குள் ஆடும் போருக்கு விதிகள் வகுத்தார். பெரும் போரைவிடச் சிறு போர் எவ்வளவோ மேல் என்பது அந்நூலின் முடிவுரை. அடுத்த ஆண்டே ஐரோப்பா பெரும் போரில் இறங்கியது. வெல்ஸின் சிப்பாய்கள் பெட்டிக்குள் போனார்கள். உண்மைச் சிப்பாய்கள் பதுங்குகுழிக்குள் போனார்கள்.

பழங்காலப் போர்களை மட்டும் ஆராய்ந்து ஆடுவோர்க்கென 1965-இல் இங்கிலாந்தில் ஒரு கழகம் தோன்றிற்று. 1969-இல் பில் பார்க்கரும் அவர் நண்பர்களும் பண்டைப் போர்களுக்கான விதிநூலை வெளியிட்டனர். படையின் ஆயுதம், கவசம், அணிவகுப்பு, மனவுறுதி ஆகியவற்றை எண்களாக்கி, பகடையின் துணையோடு போரை நடத்திக் காட்டும் நூல் அது. இவற்றைப் படிப்பதற்கு வரலாறு வேண்டும். ஆடுவதற்குக் கணக்கு வேண்டும். வண்ணந்தீட்டுவதற்குக் கண்ணும் கையும் பொறுமையும் வேண்டும். சிறுபிள்ளைகளிடம் இம்மூன்றும் ஒருங்கே இருக்குமானால் நம் பல்கலைக் கழகத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிடலாம்.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் அறியாதவர்க்காகச் சொல்லிவிடுகிறேன். அச்சிலிருந்து வந்த உருவத்தில் வார்ப்புக்கோடு ஒன்று முதுகுத்தண்டு போல ஓடும். அதைக் கத்திமுனையால் சுரண்டி எடுக்க வேண்டும். பின்னர் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால்தான் வண்ணம் ஒட்டும். அடுத்தது அடிப்பூச்சு, கறுப்போ சாம்பலோ மெல்லியதாக ஒரே சீராகப் படர வேண்டும். அதன்மேல் தோல், துணி, இரும்பு, மரம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய நிறம். நிறங்கள் உலர்ந்தபின், நீர்த்த கருமையை மேலே ஓட விட்டால் அது மடிப்புகளிலும் இடுக்குகளிலும் தானே போய்த் தங்கி நிழலாகிவிடும். இறுதியில் மேடான இடங்களில் மட்டும் வெளிறிய நிறத்தை, பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால், தொட்டும் தொடாமலும் இழுக்க வேண்டும். அப்போது ஓரங்குல முகத்தில் மூக்கும் கன்னமும் எழுந்து நிற்கும். மேலே பளபளப்பற்ற வார்னிஷ் ஒரு கை. அவ்வளவுதான்.

இந்த வடநாட்டுக் கோடையில் ஒரு தொல்லை உண்டு. அனல்காற்று வீசும் நாளில் தட்டில் எடுத்த வண்ணம் தூரிகையைத் தொடுமுன் காய்ந்துவிடும். அதற்கு எங்கள் மருந்து ஒரு பழைய சாப்பாட்டு டப்பா. அடியில் நனைந்த பஞ்சுத் தகடு, அதன்மேல் பட்டர் காகிதம், காகிதத்தின்மேல் வண்ணம். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

உருவம் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மறுபாதி பீடம். எங்கள் அளவில் நெருங்கி நிற்கும் காலாட்கள் நால்வருக்கு 60 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள மரத்தகடு ஒன்று. அதில் வெள்ளைப் பசையைத் தடவிச் சலித்த மணலைத் தூவி, காய்ந்தபின் மண்ணிறம் பூசி, மேட்டில் வெளிறிய நிறம் தீற்றி, ஆங்காங்கே செயற்கைப் புல் ஒட்டுவோம். விடுதிச் சமையற்கூடத்தில் நாளும் கொட்டுகிற தேயிலைத் தூள், நன்கு உலர்த்தினால், உதிர்ந்த இலைக் குப்பைக்கு ஈடில்லாப் பொருள். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். ஆகவே வெயிலில் காய வைத்தல் கட்டாயம். படையை ஒரே இனமாகக் காட்டுவது இந்தப் பீடம்தான். நாற்பது உருவங்களை ஐந்து பேர் தீட்டினாலும், ஒரே மண்ணில் நின்றால் அவை ஒரு சேனையாகத் தோன்றும்.

இதில் படிப்பு எங்கே என்று கேட்கலாம். தூரிகையை வண்ணத்தில் தோய்க்குமுன் ஒரு கேள்வி எழுகிறதே, அங்கே. ரோமானியச் சிப்பாயின் சட்டை என்ன நிறம்? திரைப்படம் பார்த்தவர் எல்லாரும் சிவப்பு என்பார்கள். சான்று கேட்டால் நா தடுமாறும். எகிப்தில் கிடைத்த சவப்பேழை ஓவியங்களில், படைவீரர் என்று கருதப்படுவோர் பலர் வெண்ணிறச் சட்டையே அணிந்திருக்கிறார்கள். சாயமேற்றாத கம்பளிதான் மலிவான துணி. ஆயிரக்கணக்கானோர்க்கு உடை தைக்கும் அரசு மலிவை விரும்பும் என்பதும் எண்ணத்தக்கது. சிவப்பும் இருந்தது, வெள்ளையும் இருந்தது. படை முழுவதும் ஒரே நிறமாக இருந்தது என்பதற்குத்தான் சான்று மெலிவு. நூலில் படிக்கும்போது இந்த ஐயத்தை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடலாம். வண்ணந்தீட்டுபவன் ஒதுக்க முடியாது. தூரிகை ஏதேனும் ஒரு நிறத்தில் தோய்ந்தாக வேண்டும். எதைச் சான்றால் தீட்டுகிறோம், எதை ஊகத்தால் தீட்டுகிறோம் என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாக வேண்டும்.

கவசத்தைப் பாருங்கள். ரோமாபுரியில் 113-இல் திறக்கப்பெற்ற திராஜன் தூணில் 2,500-க்கும் மேற்பட்ட உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே காணும் பட்டைப் பட்டையான கவசத்தைத் தோல் கவசம் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். 1964-இல் இங்கிலாந்தின் வடக்கே கார்பிரிட்ஜ் என்னுமிடத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு மரப்பெட்டி கிடைத்தது. அதற்குள் துருவேறிய இரும்புப் பட்டைகள். அவற்றைக் கொண்டு ரஸ்ஸல் ராபின்சன் என்ற கவச அறிஞர், உள்ளே தோல்வாரில் இரும்புப் பட்டைகளைத் தறையாணியால் பொருத்திக் கோத்த அமைப்பை மீட்டெடுத்துக் காட்டினார். கேடயமும் அப்படியே. வளைந்த நீள்சதுரக் கேடயங்களில் ஏறத்தாழ முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்று. சிரியாவின் தூரா யூரோப்போசில் அகழ்ந்தெடுத்த அது, மூன்றாம் நூற்றாண்டினது. இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சிவப்புப் புலத்தில் கழுகும் சிங்கமும் வெற்றித் தெய்வமும் எழுதிய கேடயம். உலகெங்கும் மேசைகளில் நிற்கும் இலட்சக்கணக்கான ஓரங்குலக் கேடயங்களுக்குப் பின்னால் இப்படி முழுமையாகத் தப்பிய மெய்க்கேடயம் ஒன்றுதான் என்பதை அறிந்தால், வரலாறு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது விளங்கும். இது படிப்பன்றி வேறென்ன?

இரண்டாவது மறுப்பு, பணம். உண்மை, அயல்நாட்டு உலோக உருவங்களை ஆயிரக்கணக்கில் வாங்குவோர் உண்டு. ஆனால் அது இந்தக் கலையின் கட்டாயமன்று. 1990-இல் வெளிவந்த ஒரு விதிமுறையில் ஒரு படைக்குப் பன்னிரண்டே பீடங்கள்; நாற்பத்தெட்டு உருவங்களுக்குள் முழுச் சேனையும் அடங்கிவிடும். காகிதத்தில் அச்சிட்டு வெட்டி ஒட்டும் சிப்பாய்களுக்குக் கூலி கத்தரிக்கோல் பிடிக்கும் விரல்வலி மட்டுமே. ஒரு தூரிகை, ஆறேழு நிறம், மணல், பசை, தேயிலைத் தூள். இவற்றை ஐவர் பகிர்ந்தால் ஒருவர் பங்கு திரைப்படச் செலவை எட்டாது. நாங்கள் சங்கத்திடம் பணம் கேட்கவில்லை; மேசை கேட்கிறோம்.

இனி மூன்றாவது மறுப்புக்கு வருகிறேன். நண்பர் கேட்டது இது: "ஊரை எரித்தவன், மக்களை அடிமையாக விற்றவன், அவன் படையை அழகாக வண்ணந்தீட்டி அலமாரியில் வைப்பீர்களா? நாளை கிளைவின் படையையும் வைப்பீர்களா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. போர் விளையாட்டு வளர்ந்தது பெரும்பாலும் பேரரசுகளின் மடியில். தூய கேடயங்களோடு வரிசை பிசகாது நிற்கும் சேனையைப் பார்க்கும்போது நம் நெஞ்சில் ஒரு கிளர்ச்சி எழுகிறது. அந்தக் கிளர்ச்சிக்கு மனசாட்சி கிடையாது. மேசையின் எதிர்ப்பக்கம் நிற்பவன் பெயரில்லாக் காட்டுவாசி; இப்பக்கம் நிற்பவன் நாகரிகம். இப்படி ஆண்டுக்கணக்கில் ஆடினால் எவன் வெல்ல வேண்டும் என்பதைக் கை தானே பழகிக்கொள்ளும். நண்பர் அஞ்சுவது இதைத்தான். அச்சம் நியாயமானது.

ஆனால் மருந்து எது? படையைக் குப்பையில் கொட்டுவதா? இல்லை என்பது என் துணிபு. நாம் தீட்டுவது அரைப்படை. முழுப்படையைத் தீட்டினால் பேரரசின் வேடம் தானே கலையும்.

ஓர் எடுத்துக்காட்டு. பிரித்தானியத் தீவின் வடக்கே கி.பி. 83 அல்லது 84-இல் மோன்ஸ் கிராப்பியஸ் என்னும் போர் நடந்தது. வரலாற்றாசிரியர் தாசிதஸ் தம் மாமனார் அக்ரிகோலாவின் வெற்றியாக அதை எழுதியிருக்கிறார். அந்தப் போரில் கைகலப்பில் முன்னின்றவர்கள் யார்? ரோமானியக் குடிமக்களால் ஆன லெஜியன்கள் அல்ல. அவை பின்னால் அரணுக்கு முன் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. முன்னால் சென்றவர்கள் ரைன் ஆற்று முகத்துப் பத்தாவியர், இன்றைய பெல்ஜியப் பகுதித் துங்ரியர் முதலிய துணைப்படையினர். குடிமக்கள் குருதி சிந்தாமல் வெற்றி கிடைத்தால் புகழ் பெரிது என்பதை தாசிதஸே மறைக்காமல் சொல்கிறார். பத்தாவியர் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் ரோமுக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி செய்தவர்கள். அடக்கப்பட்டவன் அடக்குகிறவனுக்காக, இன்னும் அடங்காதவனை அடக்கப் போகிறான்!

இதைப் படிக்கும் இந்தியனுக்கு நெஞ்சு சுருக்கென்கிறதா இல்லையா? முதல் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் கடல் கடந்து போனார்கள். 1931-இல் தில்லியில் எழுந்த இந்தியா வாயிலின் கல்லில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. துங்ரியனுக்குச் சங்கிலிக் கவசமும் நீள்வட்டக் கேடயமும் தீட்டும்போது நான் நினைப்பது அந்தப் பெயர்களை. லெஜியனை மட்டும் தீட்டுகிறவனுக்கு இந்த நினைவு வர வழியில்லை. துணைப்படையைத் தீட்டியவனுக்கு வராமல் இருக்க வழியில்லை.

இன்னொன்று. மேசைச் சேனை எப்போதும் முழு எண்ணிக்கையில் நிற்கிறது. அதுதான் அது சொல்லும் முதற்பொய். எங்கள் கணக்கில் ஓர் உருவம் 20 ஆட்களுக்கு ஈடு. 80 பேர் கொண்ட செஞ்சுரி ஒன்று நால்வர் நிற்கும் ஒரு பீடம். ஆறு செஞ்சுரி சேர்ந்த கோஹார்ட் 24 உருவம். முழு லெஜியனுக்கு 250 உருவம் போல வேண்டும். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் மெய்யான படை இப்படி நின்றதா?

இங்கிலாந்தின் வடக்கெல்லையில் விந்தொலாந்தா என்னும் பழைய கோட்டை இருக்கிறது. அங்கே 1973 முதல் மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய ஓலைகள் கிடைத்து வருகின்றன. நம் ஏட்டுச்சுவடிகளின் ஒன்றுவிட்ட உறவு எனலாம். அவற்றுள் ஒன்று முதலாம் துங்ரியர் கோஹார்ட்டின் ஆள்கணக்கு. முதல் நூற்றாண்டின் இறுதிக் காலத்தது. ஏட்டில் உள்ள மொத்தம் 752 பேர். வெளியே போயிருப்பவர் 456. அவருள் 337 பேர் கோரியாவில், அதாவது மேலே சொன்ன கார்பிரிட்ஜில். கோட்டையில் இருப்பவர் 296. அவருள் நோயாளிகள் 15, காயம்பட்டோர் 6, கண்நோய் கண்டோர் 10. ஆக, போருக்கு ஆகக்கூடியவர் 265 பேர்.

எங்கள் கணக்கில் இதைப் பெயர்த்துப் பாருங்கள். ஏட்டில் 38 உருவம், களத்தில் 13. மீதி 25 உருவம் பெட்டியை விட்டே வெளிவரக் கூடாது! இந்த ஆட்டத்தை நாங்கள் ஆடிப் பார்த்தோம். பதின்மூன்று உருவங்களோடு எல்லையைக் காக்க முனைந்தபோதுதான், பேரரசு என்பது வரைபடத்தில் தீட்டிய ஒரே நிறமல்ல, ஆளின்றி அல்லாடும் ஒரு காவல் வேலை என்பது எனக்கு உறைத்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு படுத்திருக்கும் அந்தப் பத்துப் பேரைவிட, எந்தப் பேராசிரியரும் எனக்குப் பேரரசை விளக்கிவிடவில்லை.

அந்த ஓலைகளில் வேறு மனிதரும் இருக்கிறார்கள். கோட்டைத் தலைவன் ஒருவனின் மனைவி இன்னொருத்தியைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதிய கடிதம் இருக்கிறது. பெண்ணின் கையெழுத்தில் கிடைத்த மிகப் பழைய லத்தீன் எழுத்துகளுள் அதுவும் ஒன்று. ஒருவனுக்குக் காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியதாக ஒரு கடிதம் சொல்கிறது. அகழ்ந்தபோது குழந்தைகளின் தோற்செருப்புகளும் கிடைத்தன. கடையில் விற்கும் படைப்பெட்டிக்குள் இவர்களில் யாரேனும் உண்டா? எட்டுச் சிப்பாய்க்கு ஒரு தோற்கூடாரமும் ஒரு கோவேறு கழுதையும் இருந்தன என்பர். எங்கள் கணக்கில் ஒரு கோஹார்ட்டுக்கு மூன்று கழுதை வருகிறது. கழுதை இருந்தால் ஓட்டுகிறவன் வேண்டும். அவன் பெரும்பாலும் அடிமை. கழுதையும் அவனும் இல்லாமல் கழுகுக்கொடி ஓர் அடி நகராது. ஆயினும் கழுகைத் தீட்ட ஆயிரம் பேர். கழுதையைத் தீட்ட ஆளில்லை!

இங்கே, "தமிழ்ச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன உறவு?" என்பாருக்கும் விடை கிடைக்கிறது. விந்தொலாந்தாவின் கணக்கேடு ஒன்றில், கம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேராக மிளகுக்கு 2 தெனாரியம் என்று எழுதியிருக்கிறது. அக்காலத்து லெஜியன் வீரனின் ஆண்டுச் சம்பளமே 300 தெனாரியம். அவன் கணக்கில் அது இரண்டரை நாள் கூலி. மிளகு எங்கிருந்து போயிற்று? மேலைக்கடற்கரை மலைச் சரிவுகளிலிருந்து. சேரநாட்டு முசிறி போன்ற துறைகளிலிருந்து. பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற யவனர் கலங்களை அகநானூறு அறியும். அரசன் பாசறையில் காவல் நின்ற யவனரை முல்லைப்பாட்டு அறியும். அவர்கள் நம்மைப் பற்றி எழுதியதை நாம் படிக்கிறோம். நாம் அவர்களைப் பற்றி எழுதியதையும் படிக்கிறோம். ஆனால் உலகின் வடமேற்கு மூலையில், மழையிலும் குளிரிலும் நின்ற ஒருவன் கூழில் நம் மலையின் காரம் இருந்தது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? எங்கள் கழுதை ஒன்றின் முதுகில் கடுகளவு சாக்கு ஒன்று வைத்திருக்கிறோம். அதில் கறும்புள்ளிகள் நாலைந்து. பார்ப்பவர்க்கு அது என்னவென்று தெரியாது. கேட்டால் சொல்வோம்.

இன்னொரு நண்பர், "ஏன் ரோமானியர்? நம் சோழர் படையைத் தீட்டக் கூடாதா?" என்றார். கூடும், தீட்டவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் இந்தக் கேள்விகளில் பழகிக்கொள்வது நல்லது என்று நான் கருதுகிறேன். காரணம் இது. அயலான் பேரரசைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது எளிது. நம் பேரரசு என்றால் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். 1025-இல் இராசேந்திரன் படை கடாரத்தின்மேல் சென்றது. கப்பலில் துடுப்புப் பிடித்தவன் யார்? அரிசி மூட்டை சுமந்தவன் யார்? கரையில் வீடிழந்தவன் யார்? யார் சட்டை என்ன நிறம், எதைச் சான்றால் சொல்கிறோம், எதை ஆசையால் சொல்கிறோம்? துங்ரியனிடம் கேட்டுப் பழகிய நாக்கு, தஞ்சைப் படையிடமும் இதைக் கூசாமல் கேட்கும். கேட்கவில்லையென்றால் நாம் ரோமை இகழ்ந்ததெல்லாம் அறத்தால் அல்ல, அது நம்முடையதல்ல என்பதால் மட்டுமே என்று ஆகிவிடும். மறுப்புச் சொன்ன நண்பர் இதை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பேரரசை வெறுப்பது எளிது. எல்லாப் பேரரசையும் ஒரே தராசில் நிறுப்பது கடினம். அதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஒரு மேசை போதும்.

ஆகவே பொதுக்குழு முன் நான் வைப்பது வெறும் வேண்டுகோள் அன்று. நிபந்தனைகளோடு கூடிய வேண்டுகோள். நிபந்தனைகளும் எங்கள்மேல் நாங்களே விதித்துக்கொள்பவை.

முதலாவது, எந்தப் படையைத் தீட்டினாலும் எதிர்ப்படையையும் அதே பொறுப்போடு தீட்ட வேண்டும். பிரித்தானியக் குடிகளைப் பெயரில்லாக் கூட்டமாக வைக்கலாகாது. அவர்கள் ஈட்டிக்கும் கேடயத்துக்கும் தேருக்கும் அதே அளவு நூல் புரட்ட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கம் மாறி அமர வேண்டும். நேற்று அக்ரிகோலாவாக இருந்தவர் இன்று அவனை எதிர்த்த கல்காகஸாக இருக்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு படைக்கும் சுமை தூக்குகிறவர், பெண்டிர், நோயாளர், கைப்பட்டவர் அடங்கிய பீடம் ஒன்றேனும் இருக்க வேண்டும். அது விதிகளின்படி போர் செய்யாது, எண்ணும் பெறாது. ஆனால் மேசையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, அலமாரியில் படைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு. எந்த நிறத்துக்கு என்ன சான்று, எது ஊகம் என்று அதில் எழுதி வைக்க வேண்டும். வாசகர் யாரும் புரட்டலாம், மறுக்கலாம். மறுப்பு வலுவானதாக இருந்தால், வண்ணத்தைக் கரைத்தெடுத்துவிட்டு மீண்டும் தீட்ட நாங்கள் ஆயத்தம்.

இத்துணை நிபந்தனையோடு ஆடும் விளையாட்டில் மகிழ்ச்சி எங்கே என்று சிலர் கேட்கலாம். அவர்கள் சனிக்கிழமை மாலை ஒருமுறை வந்து பார்க்கட்டும். பகடை உருளும்போது எழும் கூச்சல் படிப்பறைக்கு ஆகாது என்ற குறை வேண்டுமானால் எழும். மகிழ்ச்சி இல்லை என்ற குறை எழாது. இரசாயனம் படிக்கிறவரும் பொருளாதாரம் படிக்கிறவரும் ஒரே விளக்கடியில் குனிந்து, ஓரங்குல மனிதனுக்கு இமை எழுதிக்கொண்டு, துணைப்படைக்குக் கூலி எவ்வளவு என்று வாதாடும் காட்சி நம் வகுப்பறைகளில் கிடைக்காதது.

போரை வெறுப்பவன் போரைப் பற்றி அறியாதிருக்க வேண்டும் என்பதில்லை. நன்கு அறிந்தவன் வெறுத்தால் அந்த வெறுப்புக்கு வேர் இருக்கும். ஓரங்குலச் சிப்பாய்க்கு இமை எழுதியவன், ஒவ்வோர் உருவத்துக்கும் பின்னால் இருபது தாய்மார் இருந்தார்கள் என்பதை எளிதில் மறக்க மாட்டான். பகடை சொன்னதற்காக அந்த உருவத்தை மேசையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைக்கும்போது அவன் கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகத்தான் மேசை கேட்கிறேன்.

பொதுக்குழு அன்பர்கள் வாக்களிக்குமுன், கழுதையின் முதுகிலுள்ள அந்தக் கடுகளவு மூட்டையை வந்து ஒருமுறை பார்க்கட்டும். பிறகு அவர்கள் முடிவு எதுவானாலும் ஏற்கிறேன்.